சீசன் இல்லாத தரங்கம்பாடி!

டூர்னா சீசன்லதான் போகணும்னு யாரு பாஸ் சொன்னது? கூட்டம் இல்லாதப்போ ஒரு கடலோர ஊருக்குப் போய்ப் பாருங்க. ஊரே உங்க பக்கத்துல உட்கார்ந்து கதை பேசும்!

போன மே மாசம் செமஸ்டர் முடிஞ்ச கையோட கிளம்பினோம். நாலு பேர், எல்லாருமே மெக்கானிக்கல். மயிலாடுதுறையில இருந்து பஸ்ல சுமார் 30 கிலோமீட்டர். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை, கடல் அரிச்சது போக மீதி நிக்கிற மாசிலாமணிநாதர் கோயில், 1706-ல சீகன்பால்கு வந்து இறங்கின கரை... எல்லாத்தையும் நடந்தே பார்த்துடலாம். வெயில்தான் மண்டையைப் பிளக்கும். அதனால காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுங்க!

ஆனா, மனசுல நிக்கிறது கோட்டை இல்லீங்க. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வலை பின்னிக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட ஏன்னு கேட்டோம். "மீனு முட்டை போட வேணாமா தம்பி? இப்ப வுட்டாத்தானே அப்புறம் புடிக்க முடியும்"னு சிரிச்சார்.

"இஞ்சினீயருக்குப் படிக்கிறீங்களா? அப்ப இதைப் புடிங்க"ன்னு கையில ஸ்பேனரைக் கொடுத்தார் பக்கத்துப் படகு அண்ணன். சுக்கான்ல அரிச்சுப்போன துத்தநாகத் துண்டு ஒண்ணு. உப்புத்தண்ணி இரும்பைத் தின்னாம இருக்க, அது தன்னைத் தின்னக் கொடுக்குது. 'சாக்ரிஃபிஷியல் ஆனோடு'ன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின அதே சமாச்சாரம்! அதைக் கழட்டிப் புதுசு மாட்டினோம் பாருங்க, எந்த லேப்லயும் அந்த சந்தோஷம் கிடைச்சதில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அந்த அண்ணன் கணக்கு சொன்னார். தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். எங்க நாலு பேரோட டீ, பஜ்ஜி பில்லே அதைத் தாண்டிடுச்சு. அவர் பையனும் காலேஜ்ல படிக்கிறான். ஜூன்ல ஃபீஸ் கட்டணும். "கடலு தொறந்துடும் தம்பி, கட்டிப்புடலாம்"னார். குரல்ல துளி பயம் இல்லை. எங்களுக்குத்தான் பஜ்ஜி தொண்டையில சிக்கிச்சு.

நமக்கு லீவுன்னா ஜாலி. அவங்களுக்கு லீவுன்னா கடன். அந்த லீவால கடல்ல மீன் பெருகுது, நம்ம தட்டுக்கும் வருது. அடுத்த மே மாசம் நீங்களும் போங்க ஃப்ரெண்ட்ஸ். சாப்பாடு, டீ எல்லாம் அந்த ஊர் சின்னக் கடைகள்லயே வெச்சுக்கங்க. பேரம் மட்டும் பேசாதீங்க, ப்ளீஸ்!