வண்டி வீட்டின் விளக்குகள்

பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துப் பயணிப்பது நியூசிலாந்தில் பலருக்கும் உள்ள ஆசை. எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. கட்டிலின் நீளம், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போன நானும் என் மனைவியும் விளக்குகளில் மட்டும் உடன்பாட்டுக்கு வரப் பல வாரங்கள் ஆயின. காரணம் எளியது. எனக்கு இருட்டு வேண்டும். அவளுக்கு வெளிச்சம் வேண்டும்.

நாங்கள் அடிக்கடி செல்ல நினைத்திருந்த இடம் டெகாபோ ஏரி. அதைச் சுற்றியுள்ள மெக்கன்சி சமவெளியில் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு 2012இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அருகிலிருக்கும் மவுண்ட் ஜான் வானாய்வகத்தின் பொருட்டு, தெருவிளக்குகள் தரையை மட்டும் நோக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் அங்கே 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. ஓர் ஊரே வெளிச்சத்தைக் குனிய வைத்திருக்கும் இடத்திற்கு, கூரையோரம் வெள்ளை விளக்குப் பட்டை மின்னும் வண்டியோடு போவது எனக்குச் சம்மதமில்லை.

என் மனைவிக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் அழிந்து, பிறகு பார்வையின் விளிம்புகள் சுருங்கிக்கொண்டே வரும் பரம்பரை நோய். பகலில் அவள் புத்தகம் படிப்பாள். அந்தி சாய்ந்தால் வாசற்படி தெரியாது. விண்மீன் பார்ப்பவர்கள் சிவப்பு விளக்கைக் கையாள்வதற்குக் காரணம், குச்சி செல்கள் அந்த நிறத்தை ஏறக்குறைய உணர்வதில்லை என்பதுதான். ஆகவே அரைமணி நேரம் இருட்டில் பழகிய கண் கெடுவதில்லை. எனக்குப் போதுமான அந்த மங்கிய சிவப்பில் அவளால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. "உங்களுக்கு நட்சத்திரம் வேணும். எனக்குப் படி வேணும்" என்றாள். பிரச்சினையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மின்சாரம் ஒரு தடையே அல்ல. உள்விளக்குகள் சராசரியாக 10 வாட் வீதம் 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர்-மணி. எங்கள் மின்கலம் 100 ஆம்பியர்-மணி கொண்டது. குளிர்சாதனப் பெட்டிதான் அதை உறிஞ்சுகிறது, எல்.இ.டி. அல்ல. கவனிக்க வேண்டியது வேறொன்று: மின்கலம் ஏற்றம் பெறும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். மலிவான பட்டைகள் அதில் சூடேறிச் சீக்கிரம் மங்கிவிடும். எனவே ஒரு மின்னழுத்தச் சீராக்கியும், ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸும் வைத்தேன்.

உள்ளே நான்கு கிளைகள். கூரைக்கும் சமையல் மேடைக்கும் 2700 கெல்வின் இளமஞ்சள் வெள்ளை. படுக்கையருகே வாசிப்பு விளக்கு. கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையோரம் அரை வாட் செம்மஞ்சள் கோடு. இக்கடைசி விளக்கு இரவு முழுக்க எரியும். சுவிட்சுகளைக் கதவருகிலும் தலையணையருகிலும், விரலால் தடவி அறியும்படி பொருத்தினேன். எல்லாவற்றுக்கும் ஒளிகுறைப்பான் உண்டு. வெளிச்சம் சட்டென்று மாறினால் அவள் கண் தடுமாறும்; மெல்ல இறங்கினால் ஓரளவு ஈடுகொடுக்கும்.

வெளியே கூடார விளக்கை விட்டுவிட்டோம். அதற்கு விலையாக, வாசலில் நாற்காலி போட்டு உண்ணும் ஆசையை அவள் விட்டுக்கொடுத்தாள். இரவுச் சாப்பாடு உள்ளேதான். பதிலுக்கு, படிக்கு என் விருப்பத்தைவிடக் கூடுதல் வெளிச்சம் தர நான் இசைந்தேன். வாசல் விளிம்பின் அடியில் செம்மஞ்சள் பட்டை ஒன்று, அதன்மேல் தகடு. ஒளி படியிலும் அதைச் சுற்றிய இரண்டடி மண்ணிலும் மட்டும் விழும். விளக்கு எவர் கண்ணிலும் படாது. கூச்சம் அவளுக்கு இருட்டைவிடப் பெரிய தொல்லை. படியின் ஓரத்தில் அகலமான வெள்ளை நாடா ஒட்டினோம். ஒளியைக் கூட்டுவதைவிட நிறவேறுபாட்டைக் கூட்டுவது அதிகம் உதவுகிறது என்பதை அந்த நாடாவில்தான் கண்டேன்.

நாங்கள் அகத்தியர் என்று அழைக்கும் கனோபஸ் விண்மீனுக்கு மாவோரி மக்கள் இட்ட பெயர் அடுடாகி. தமிழ்நாட்டில் குளிர்கால மாதங்களில் தென்வானில் தாழத் தெரியும் அது, டெகாபோவில் மறைவதே இல்லை. பால்வீதி அவளுக்குத் தெரியாது. ஆனால் படியிறங்கி நின்று, திசையை நான் சொன்னால், எஞ்சியிருக்கும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அகத்தியரைப் பிடித்துவிடுகிறாள்.

அந்த வட்டம் எவ்வளவு காலம் இருக்கும் என்று மருத்துவர் சொல்வதில்லை. சுவர்ப் பலகைகளை மூடுமுன், வாசலுக்கும் கழிவறைக்கும் இன்னும் தடித்த இரண்டு கம்பிகளை இழுத்து, முனைகளைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பிரகாசமான விளக்குகள் தேவைப்படும் நாளில் பலகையைக் கழற்ற வேண்டியிருக்காது. அவை எதற்கென்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.