வெண்பட்டை

ஏலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளமுள்ள குழுப்படம் ஒன்று தொங்குகிறது. உரத் தொழிற்சாலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியபின் பெரியாற்றங்கரைக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் 1958இல் ஒருங்கே நின்று எடுத்துக்கொண்ட படம் அது. இடக்கோடியில் நிற்கும் ஐந்து வயதுச் சிறுவன் நான். நடுவே, மேலிருந்து கீழாக, விரலகலத்தில் ஒரு வெண்பட்டை. அதற்குள்தான் என் அன்னை நிற்கிறாள். கருஞ்சேலை தெரிகிறது; முகம் கரைந்துவிட்டது. மறு ஆண்டே அவள் மறைந்தாள். அவளுக்கு வேறு படம் இல்லை.

காகிதம் பழுத்ததால் வந்த குறை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 1983இல் மட்டாஞ்சேரியில், கடிகாரம் பழுதுபார்க்கும் நெல்லைப் பெரியவர் ஒருவரின் மேசையில் அத்தகைய காமிரா ஒன்றைக் கண்டேன். ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் வகை. சுருள்வில்லின் விசையால் காமிரா முக்காலியின்மேல் சுழலும். உள்ளே படச்சுருள் ஒரு மெல்லிய பிளவைக் கடந்து ஓடும். வில்போல் வளைந்து நின்றவர்கள் படத்தில் நேர்வரிசையாகத் தோன்றுவர்.

“தம்பி, குறை வில்லையில் இல்லை, ஓட்டத்தில்” என்றார் பெரியவர். ஓட்டம் ஒருகணம் தயங்கினால் அவ்விடத்தில் ஒளி மிகுதியாகப் படியும். நெகடிவில் அது கரும்பட்டை, அச்சில் வெண்பட்டை.

இருவரும் அதைச் சீர்செய்யத் தொடங்கினோம். முதலில் ஒரே சீராக ஒளிவிழும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தோம். பட்டைகள் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடைவெளியே குறையுள்ள பற்சக்கரத்தையோ உருளையையோ காட்டிக்கொடுக்கும். ஒழுங்கின்றி வந்தால் உறைந்த கிரீஸ், அழுக்கு, படச்சுருளின் தளர்ச்சி ஆகியவற்றை ஐயுறவேண்டும். பழைய கிரீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் சிறிதே இட்டோம். முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தினோம். பிளவைச் சற்று அகலமாக்கினோம். சிறு தயக்கங்கள் அதில் கலந்து மங்கும், கூர்மை மட்டும் சிறிது குறையலாம். புறப்படும்போது நேரும் குலுக்கல் எவர்மீதும் விழாதபடி, முதல் ஆளுக்கு நெடுமுன்பே வெற்றிடத்தில் ஓட்டத்தைத் தொடங்கினோம்.

1984 பொங்கலன்று எங்கள் குடும்பங்கள் மீண்டும் வளைந்து நின்றன. பட்டைகள் அறவே அகலவில்லை. உற்றுநோக்கினால் மெல்லிய கோடுகள் தெரியும். ஆயினும் ஒவ்வொரு முகமும் துலங்கியது.

படத்தைக் கண்ட அத்தை, என் மகளின் முகத்தில் விரலை வைத்து, “அண்ணி முகம் அப்படியே இருக்கிறது!” என்றார். அன்றுதான் நான் என் அன்னையைக் கண்டேன்.

இன்று அத்தையும் இல்லை. கடிகாரப் பெரியவரும் இல்லை. அன்று நின்றவர்களுள் பலரை அந்த ஒரு படத்தில்தான் காண இயலும். உங்கள் வீட்டிலும் பழைய குழுப்படம் இருக்கக்கூடும். அறிந்தவர் இருக்கும்போதே அதிலுள்ளோரின் பெயர்களைப் பின்புறம் எழுதி வையுங்கள்.