டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

உங்க போன்ல, 'இதை மட்டும் யாராவது பார்த்தா நம்ம மானம் கப்பலேறிடும்'ங்கற ரேஞ்ச்ல ஒரு வீடியோவாவது இருக்கா? இருக்கும். எனக்கும் ஒண்ணு இருந்தது. 'இருந்தது'னு சொல்றேன் பாருங்க, அங்கேதான் மேட்டரே! என் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு பெரிய மனுஷன் இதே வேலையை உலக லெவல்ல செஞ்ச கதையைக் கேளுங்க.

நீல் யங். கனடாவில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய் ராக் உலகத்தைக் கலக்கியவர். 1972-ல் அவர் வெளியிட்ட 'ஹார்வெஸ்ட்', அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகமா வித்த ஆல்பம். அதில் வர்ற 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பாட்டு அங்கே நம்பர் ஒன். மனுஷனுக்கு அப்போ 26 வயசு. நம்ம சீனியர்களைவிட நாலைஞ்சு வயசுதான் கூட!

அடுத்து என்ன? ஊர் ஊராப் போய்ப் பெரிய பெரிய அரங்கங்களில் கச்சேரி பண்ண வேண்டியதுதான். 1972 கடைசியில் கலிஃபோர்னியாவில் இருந்த தன் பண்ணையில் ரிகர்சல் ஆரம்பிச்சார். அதுக்கு டேனி விட்டன்ங்கற நண்பரைக் கூப்பிட்டிருந்தார். 'கிரேஸி ஹார்ஸ்' பேண்டின் கிடாரிஸ்ட். 'ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் இட்' பாட்டை எழுதினவர் (ராட் ஸ்டூவர்ட் பின்னாடி பாடி ஹிட்டாக்கினாரே, அதே பாட்டுதான்). ஆனா, போதைப் பழக்கம் டேனியை மோசமா பாதிச்சிருந்தது. ரிகர்சலில் பாட்டைப் பிடிக்கவே முடியலை. வேற வழியில்லாம, கையில் 50 டாலரையும் ஒரு விமான டிக்கெட்டையும் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பி வெச்சார் நீல் யங். அன்னிக்கு ராத்திரியே, 1972 நவம்பர் 18-ல், டேனி இறந்துட்டார். வயசு 29.

யோசிச்சுப் பாருங்க. 'நீ வேண்டாம், கிளம்பு'னு சொன்ன அன்னிக்கே நண்பன் போய்ச் சேர்ந்துட்டான். அதுக்கு நான்தான் பொறுப்போங்கற எண்ணம் நீல் யங்கை வருஷக்கணக்கா விடலை.

ஆனாலும் டூர் நிக்கலை. 1973 ஜனவரியில் கிளம்பிட்டாங்க. கிளம்பின இடத்திலிருந்தே சிக்கல். பேண்டுக்குள்ளே சம்பளத் தகராறு. டிரம்மர் கென்னி பட்ரி பாதியிலேயே விலக, ஜானி பார்பட்டா வந்தார். நீல் யங்கின் தொண்டை கெட்டுப்போச்சு. கடைசிக் கட்டத்துக்கு டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும் கூடப் பாட வந்து கைகொடுத்தாங்க. கூட்டமோ, 'ஹார்வெஸ்ட்' பாட்டு கேட்கத் துடிக்குது. இவரோ, யாருமே கேட்டிருக்காத புதுப் பாட்டா, அதுவும் கரடுமுரடா வாசிக்கிறார். நம்ம கல்ச்சுரல்ஸில் ஹிட் சாங் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மேடையில சொந்த டியூன் போட்டா எப்படி இருக்கும்? அதே கதைதான்!

அந்த டூரில் பதிவு பண்ணினதுதான் 'டைம் ஃபேட்ஸ் அவே'. 1973 அக்டோபரில் வந்தது. மொத்தம் எட்டே பாட்டு. ஒண்ணு மட்டும் 1971 கச்சேரியில் எடுத்தது, மத்ததெல்லாம் இந்த டூரில். லைவ் ஆல்பம்னா பழைய ஹிட்டுகளைக் கைதட்டலோட கேட்கறதுதானே வழக்கம்? இதில் எட்டுமே அதுவரை எந்த ஆல்பத்திலும் வராத பாட்டு. குரல் உடையுது, கிடார் அலறுது. அட்டையில்கூட அவர் முகம் இல்லை. மேடையிலிருந்து பார்த்தா தெரியற ரசிகர் கூட்டம், மேடை விளிம்பில் கிடக்கற ஒரு ரோஜா... அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் விஷயமே. உலகம் எல்.பி. ரெக்கார்டிலிருந்து சி.டி-க்கு மாறினப்போ, இந்த ஆல்பம் மட்டும் கூட வரலை. 2003-ல் இவரோட 'ஆன் தி பீச்' உட்பட, சி.டி-யில் வராமலே இருந்த நாலு பழைய ஆல்பங்கள் ஒண்ணா வந்தது. அப்பவும் இது வரலை. பழைய ரெக்கார்டு கடையில் தேடிப் பிடிக்கணும், இல்லைன்னா யாராவது ரெக்கார்டிலிருந்து காப்பி பண்ணின திருட்டு சி.டி-தான் கதி.

ஏன்?

சொல்லப்படற முதல் காரணம், நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர். லேபில் முதல்ல அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங் எழுதுவோம், அப்புறம் ரெக்கார்டு நோட்டில் அழகா ஃபேர் காப்பி பண்ணி சைன் வாங்குவோம் இல்லையா? ஆல்பம் தயாரிப்பும் அப்படித்தான். 16 ட்ராக் டேப்பில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா இருக்கும். அதை மிக்ஸ் பண்ணி ரெண்டு ட்ராக் ஸ்டீரியோ மாஸ்டரா மாத்துவாங்க. அதிலிருந்துதான் டிஸ்க் வெட்டுவாங்க. இந்த ஆல்பத்துக்கு நடுவில் இருக்கற அந்த ஃபேர் காப்பியே கிடையாது! 16 ட்ராக் டேப்பை கம்ப்யூட்டர் உதவியோட மிக்ஸ் பண்ணி நேரா டிஸ்க் வெட்டற மெஷினுக்கே அனுப்பிட்டாங்க. அதனால, மறுபடி வெளியிடணும்னா 'இந்தா மாஸ்டர்'னு எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை.

சரி, இது நிஜமான சிக்கல்தான். ஆனா, தீர்க்க முடியாததா? இல்லையே! 1995-ல் சி.டி-யாக் கொண்டுவர ஏற்பாடு நடந்து, சோதனைப் பிரதி வரைக்கும் போயிருக்கு. அப்புறம் அதையும் மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. அப்போ பூட்டு டேப்பில் இல்லை பாஸ், மனசில்!

ரெண்டாவது காரணம் அதுதான். 'நான் பண்ணினதிலேயே மோசமான ஆல்பம் இது'ங்கற அர்த்தத்தில் நீல் யங்கே 1987-ல் பேசியிருக்கார். ஆனா, அதே மூச்சில், 'அப்போ எனக்கு என்ன நடந்துட்டிருந்ததுனு காட்டற ஆவணமா பார்த்தா இது பிரமாதம்'னும் சொல்லியிருக்கார். ரெண்டும் ஒரே ஆளு சொன்னதுதான். எனக்கு இந்த இடத்தில்தான் அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நண்பன் செத்த வருஷத்தை யாருக்குங்க திரும்பக் கேட்கப் பிடிக்கும்?

கடைசியில் 2014 நவம்பரில் எல்.பி. செட்டா மறுபடி வந்தது. சி.டி-யா வந்தது 2017-ல். முதல்ல வெளியாகி 44 வருஷம் கழிச்சு! இன்னிக்கு நம்ம போனிலேயே கேட்கலாம்.

'அவர் ஆல்பம், அவர் இஷ்டம். உனக்கென்ன?'னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா, அந்த ரெக்கார்டில் இருக்கறது அவர் மட்டுமா? பியானோ வாசிச்ச ஜாக் நீட்ஷே 2000-லயே இறந்துட்டார். ஸ்டீல் கிடார் வாசிச்ச பென் கீத் 2010-ல். அவங்க வாசிப்பும்தானே அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது? அது மறுபடி கடைக்கு வந்ததைப் பார்க்க அவங்க ரெண்டு பேரும் இல்லை.

இப்போ என் கதை.

செகண்ட் இயர் கல்ச்சுரல்ஸ். ஹாஸ்டல் பசங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட். நான் கிடார் ப்ளஸ் பாட்டு. மேடையில் ஏறினதும் முதல் வரியிலேயே சுருதி போச்சு. ரெண்டாவது சரணம் மறந்தே போச்சு. கூட்டத்திலிருந்து விசில், கூச்சல், 'இறங்குடா' சத்தம். 11 நிமிஷ வீடியோ. அன்னிக்கு ராத்திரியே என் போனிலிருந்து அழிச்சேன். க்ரூப்பில் இருந்த ஒவ்வொருத்தன் காலிலும் விழாத குறையா கெஞ்சி, அவங்க போனிலிருந்தும் அழிக்க வெச்சேன். அப்பாடா, நிம்மதி!

ஆறு மாசம் கழிச்சு, எங்க பேண்டில் ரிதம் வாசிச்சவன் காலேஜை விட்டே போயிட்டான். அப்பாவுக்கு உடம்பு முடியலை, வீட்டில் மூத்தவன், வேலைக்குப் போயாகணும். ஹாஸ்டல் பிளாஸ்டிக் சேர், மெஸ் தட்டு, வாளினு எதைக் கொடுத்தாலும் தாளம் போடற பய அவன். போன ரெண்டு வாரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. 'மச்சி, அந்த கல்ச்சுரல்ஸ் வீடியோ இருந்தா அனுப்பேன். நான் ஸ்டேஜ்ல வாசிச்சது அது ஒண்ணுதான். அம்மாகிட்ட காட்டணும்.'

என்ன பதில் சொல்றது, சொல்லுங்க? அந்த 11 நிமிஷத்தில் நான் என் மொகத்தையும் என் குரலையும் மட்டும்தான் பார்த்தேன். பின்னாடி ஒருத்தன் உயிரைக் கொடுத்து வாசிச்சிட்டு இருந்தது கண்ணிலேயே படலை.

'தேடிட்டு இருக்கேன்டா'னு பொய் சொல்லிட்டு, அதுக்கப்புறம் நிஜமாவே தேட ஆரம்பிச்சேன். கிளாஸ் கிளாஸா போய்க் கேட்டேன். 'எதுக்கு, அந்தக் கூத்து மறுபடியுமா?'னு கலாய்ச்சாங்க. கடைசியில் வேற டிபார்ட்மென்ட் பொண்ணு ஒருத்தங்க, கடைசி வரிசையிலிருந்து எடுத்த 40 செகண்ட் கொடுத்தாங்க. பாதிக்கு மேல முன்னாடி நிக்கறவன் தலைதான் தெரியுது. என் குரல் அதே கொடுமை. ஆனா, தாளம்? ஒரு இடத்தில்கூடத் தப்பலை. நான் சரணத்தை விட்டுட்டு முழிக்கும்போது, அதே இடத்தில் சுத்தி சுத்தி வாசிச்சு என்னைக் காப்பாத்தப் பார்த்திருக்கான். அன்னிக்கு மேடையில் எனக்கு அது கேட்கவே இல்லை.

அனுப்பிட்டு, மிச்ச வீடியோவை நான்தான் அழிக்க வெச்சேங்கற உண்மையையும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது: 'பரவால்லடா. அம்மா நாலு தடவை பார்த்தாங்க. நீ யாருனு கேட்டாங்க.'

அதனால ஃப்ரெண்ட்ஸ், உங்க மொக்கை வீடியோவை அழிங்க, வேணாம்னு சொல்லலை. அது உங்க இஷ்டம். ஆனா அந்த பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... அதில் உங்களைத் தவிர வேற யார் யார் இருக்காங்கனு ஒரு தடவை பார்த்துடுங்க, ப்ளீஸ்!