பயணிக்குக் கிடைத்த சலுகை



பயணியின் தொழுகை பற்றிய பாடத்தை நாம் மதரஸாவில் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். பயண தூரம், தங்கும் நாட்கள், கஸ்ர், ஜம்உ என அதன் சட்டங்கள் யாவும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அப்பாடத்தின் உட்பொருளைச் சென்ற ஆகஸ்டில், ஓமான் நாட்டின் ஸலாலா கடற்கரையில்தான் கற்றுக்கொண்டோம்.

மஸ்கத்தில் ஒரு மளிகைக் கடையில் பணிபுரியும் நம் தம்பி, நம்மையும் நம் இல்லத்தாரையும் அழைத்திருந்தார். அங்கிருந்து ஸலாலாவுக்குச் சாலைவழி சுமார் 1000 கிலோமீட்டர். வழியெங்கும் பாலைவனம், அனல்காற்று. தும்ரைத்தைக் கடந்து மலையிலிருந்து இறங்கத் தொடங்கியதும் மூடுபனி வந்து சூழ்ந்தது. பார்த்த இடமெல்லாம் பச்சை. சுப்ஹானல்லாஹ்!

ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் இப்பருவத்தைக் ‘கரீஃப்’ என்கின்றனர். கேரளத்துக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, இங்கே கரையோரக் கடலின் மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதைத் தழுவி வரும் ஈரக்காற்று பனிமூட்டமாகி மலைகளில் தேங்குகிறது. வளைகுடாவின் பிற ஊர்கள் 45 பாகையில் தகிக்கும்போது, இங்கே ஏறத்தாழ 25 பாகைதான். சாலையோரமெல்லாம் இளநீர்க் கடைகள். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, இவ்வூரின் தென்னையையும் வெற்றிலையையும் பற்றி எழுதியிருக்கிறார்.

மறுநாள் மேற்கே முக்ஸைல் கடற்கரைக்குச் சென்றோம். செங்குத்தான பாறைகள். அவற்றின் அடியில் புகும் அலை, மேலே உள்ள துளைகள் வழியாகப் பேரிரைச்சலுடன் பீறிட்டெழுகிறது. இப்பருவத்தில் கடலில் இறங்குவது ஆபத்து. தடுப்புக்கு இப்பால் நின்று பார்ப்பதே அறிவுடைமை.

ளுஹர் நேரம் வந்தது. “காக்கா, கஸ்ராக்கி, அஸரையும் சேர்த்துத் தொழ வைங்களேன்” என்றார் தம்பி. நம் மனம் தயங்கியது. உல்லாசமாக வந்த இடத்தில் தொழுகையைச் சுருக்குவதா? இத்தனை நீண்ட பயணத்தில் சுருக்கித் தொழுவதே சிறப்பு என ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை மாணவர்களுக்குச் சொல்பவர்கள் நாம்! வெட்கத்துடன் அவ்வாறே தொழ வைத்தோம்.

ஸலாம் கொடுத்த சிறிது நேரத்தில், பாய்மீதே தம்பி உறங்கிப்போனார். சாரல் முகத்தில் விழுந்தும் விழிக்கவில்லை. இப்னு பதூதா கண்ட பழைய நகரின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென எழுப்பப் போனோம். “உறங்கட்டும், விடுங்கள்” என்று இல்லத்தார் தடுத்தார்.

அப்போதுதான் அவரை உற்று நோக்கினோம். நரைத்த தாடி, வெடித்த பாதங்கள். ஓமானில் 19 ஆண்டுகள் வாழ்ந்தும் ஸலாலாவுக்கு அவர் வந்தது இதுவே முதல்முறை. ஒரு விடுப்பு தங்கையின் நிக்காஹுக்கு, ஒன்று உம்மாவின் சிகிச்சைக்கு, மற்றொன்று வீட்டு வேலைக்கு என்றே கழிந்தன. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் பணத்தேவையைச் சொன்னவர்கள் நாம். ‘சபூர் செய்’ என உபதேசித்தவர்களும் நாமே. களைப்பாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரவெல்லாம் வணங்கிவந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் உறங்கச் செய்ததையும், உடலுக்கும் உரிமையுண்டு என்று அவர் கூறியதை நபி (ஸல்) அவர்கள் உண்மைப்படுத்தியதையும் எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறோம். சொந்தத் தம்பியின் உடலுக்குள்ள உரிமை மட்டும் நம் கண்ணில் படவில்லை.

அஸரை முன்பே தொழுதுவிட்டதால் அவரை எழுப்ப அவசியமிருக்கவில்லை. பொழுது சாயும்வரை உறங்கினார். நாம் சுருக்கத் தயங்கிய தொழுகையில், அல்லாஹ் அவருக்கு ஓர் உறக்கத்தை வைத்திருந்தான்.

விழித்ததும் மன்னிப்புக் கேட்டோம். “என்ன காக்கா, பெரிய வார்த்தையெல்லாம்” என்று சிரித்தார். பிறகு கடலைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்த விடுப்பில் வெறுங்கையோடு வந்து ஓய்வெடுக்குமாறு சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அயல்நாட்டில் உழைப்பவர் இருப்பின், அடுத்த அழைப்பில் தேவைகளைச் சொல்லுமுன் அவரது உடல்நலத்தைக் கேளுங்கள். தந்த இலகுவை ஏற்கும் மனத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.