சிக்கனப் பயணமும் ஒரு செலவுக் கணக்கும்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். ஆசிரியத் தொழில் புரியும் எம் போன்றோருக்கு இம்மொழி பிரயாண விடயத்தில் முற்றும் பொருந்தும். ஊர் காண வேண்டும் என்னும் ஆசை வானளாவ இருக்கும். கைப்பணமோ மாதத்தின் இருபதாம் திகதியோடு விடைபெற்றுவிடும். ஆயினும் ஆசையை அடக்கி வீட்டில் இருப்பதைக் காட்டிலும், செலவை அடக்கி வெளியே புறப்படுவதே அறிவுடைமை என்பது எமது கொள்கை. அக்கொள்கை எமக்கு ஈட்டித் தந்த இன்பத்தையும், ஒரு மாலைப்பொழுதில் கற்பித்த பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எமது இல்லம் பெரியநீலாவணையின் தென்னெல்லையில் உள்ளது. சிறிது தூரம் நடந்தால் மருதமுனை. தறியோசைக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் எமக்கு ஒரு நண்பர் உண்டு. கைத்தறியில் சாரமும் போர்வையும் நெய்து விற்பவர். வயதில் மூத்தவராதலின் ‘காக்கா’ என்று அழைப்போம். அவரோ எம்மை ‘சேர்’ என்றே விளிப்பார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி இக்கரையூர்களை விழுங்கியபோது, நடக்கவியலாத எம் அன்னையாரைத் தோளில் சுமந்து மேற்குப் புறத்துக்கு ஓடியவர் அவரே. தம் தறிக்கொட்டில் அலையில் போவதை அன்று அவர் திரும்பிப் பார்க்கவுமில்லை.

2019 டிசம்பர் விடுமுறையில் மலைநாட்டுக்குப் போய் வருவது என்று இரு குடும்பத்தாரும் தீர்மானித்தோம். எம் வீட்டார் நால்வர், காக்கா வீட்டார் ஐவர். ஆக ஒன்பது பேர். மூன்று நாட்கள், மொத்தச் செலவு 20,000 ரூபாவைத் தாண்டலாகாது. இதற்கென எம் மனைவியார் ஒரு சிறிய கொப்பியில் கோடுகள் இட்டு, ‘மதிப்பீடு’ என்றும் ‘மெய்ச்செலவு’ என்றும் இரண்டு நிரல்கள் வகுத்தார். கண்டியில் ஓர் இரவு தங்குவதற்கு மலிவான விடுதியொன்றில் இரண்டு அறைகளைத் தொலைபேசி மூலம் எம் பெயரில் பேசி, 1,000 ரூபா முற்பணமும் அனுப்பினோம்.

விடியுமுன் கல்முனையிலிருந்து பஸ் ஏறினோம். கட்டுச்சோறு, பொரித்த மீன், சம்பல், இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள், பிள்ளைகளின் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் ஆகியவை எமது சீதனம். அம்பாறையைக் கடந்ததும் காடும் வளைவும் தொடங்கின. எலுமிச்சம்பழம் பயன்பட்டது, கட்டுச்சோற்றுக்கோ நண்பகல்வரை எவரும் உரிமை கோரவில்லை.

அன்றிரவு பதுளையில், காக்காவின் சாரங்களை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் தம் வீட்டிலேயே எங்கள் யாவரையும் தங்கவைத்தார். அன்று வெள்ளிக்கிழமை, எம் மனைவியார் மரக்கறி மட்டுமே உண்பவர் என்று அறிந்ததும், புதுச் சட்டி வாங்குவித்து வேறாகச் சமைப்பித்தார் அவ்வீட்டு அம்மையார். எம்மை இன்னார் என்றோ, என்ன சமயத்தார் என்றோ அங்கே ஒருவரும் கேட்கவில்லை. செலவுக் கொப்பியில் அன்றைய தங்கும் செலவு: பூச்சியம்.

மறுநாட்காலை மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இடம் பிடித்தோம். பதுளை வரைக்குமான இம்மலைப்பாதை 1924இல் நிறைவெய்தியது. தெமோதரையை அடையுமுன் புகையிரதம் ஒரு சுரங்கத்துள் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, தான் நுழைந்த அச்சுரங்கத்துக்கு நேர் மேலேயுள்ள நிலையத்தில் வந்து நிற்பதைக் கண்ட பிள்ளைகள் கைகொட்டி ஆர்ப்பரித்தனர். அப்பால், உருக்குச் சட்டமின்றிச் செங்கல்லும் கருங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம். அப்புத்தளையைத் தாண்டியதும் பனி சாளரத்தினூடே புகுந்தது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலை 6,200 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. கடற்கரை வெயிலில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் ஐவரும் நடுங்கினர். காக்கா தம் பையைத் திறந்து, தம் கையால் நெய்த பெரிய போர்வையொன்றை எடுத்து, ஐவரையும் ஒன்றாகச் சேர்த்துப் போர்த்தினார். எவர் பிள்ளை எங்கே முடிகிறது என்று தெரியாதபடி ஐந்து தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

அதே பெட்டியில் முதுகுப்பை சுமந்த இத்தாலிய இளைஞர் இருவர் இருந்தனர். தம் நாட்டின் தென்பகுதியையும் கிரேக்க தேசத்தையும் இவ்வாறே மிகக் குறைந்த செலவில் சுற்றினராம். நிலைய வாங்குகளிலே உறங்கி, ரொட்டியும் தக்காளியும் தின்று நாட்களை ஓட்டினராம். ஐரோப்பாவில் 1972இலேயே இளைஞர்களுக்காக ‘இன்டர்ரெயில்’ என்னும் சீட்டை அறிமுகம் செய்தனர். அவ்வொரு சீட்டைக் கொண்டு பல நாடுகளின் புகையிரதங்களில் ஏறலாம். வசதி குறைந்த பிரயாணம் அங்கே இளமைக் கல்வியின் ஒரு கூறாகவே கருதப்படுகின்றது. எங்கள் பொரித்த மீனை அவர்கள் சுவைத்துக் கண்ணீர் சொரிந்ததும், அதற்குப் பிள்ளைகள் சிரித்ததும் தனிக்கதை.

ஹட்டனை நெருங்குகையில், சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பலர் இறங்கத் தயாராயினர். நாம் கற்பிக்கும் பாடம் வரலாறு; வாய் சும்மா இருக்குமோ? இபுனு பதூதாவின் கதையை எடுத்தோம். மொறோக்கோ நாட்டிற் பிறந்த அவர் 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, 1344இல் இத்தீவுக்கு வந்தார். ‘பாவா ஆதம்’ பாதம் பதிந்ததாக முஸ்லிம்கள் போற்றும் இம்மலையைக் காண விரும்பினார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குத் துணையாக யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் வேறு பலரையும் அனுப்பிவைத்தார். “பாருங்கள் பிள்ளைகளே, ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு இந்து யோகிகள் வழித்துணை. இதுவே எமது தேசத்தின் வரலாறு” என்று மொழிந்து, வகுப்பறையிற் போலப் பெருமிதத்தோடு நிமிர்ந்தோம். காக்கா புன்னகை செய்தார்.

மாலை மயங்கும் வேளையில் கண்டியை அடைந்து, விடுதியின் படியேறினோம். பொறுப்பாளர் எம் அடையாள அட்டையை வாங்கிக் குறித்துக்கொண்டார். பின்னர் காக்காவின் அட்டையைப் பார்த்தார். அவர் மனைவியாரின் உடையைப் பார்த்தார். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் திகதி நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களால் நாடெங்கும் அச்சம் படிந்திருந்த காலம் அது. ஒரு சிலர் செய்த கொடுமைக்கு ஒரு சமூகம் முழுவதும் தலைகுனிந்து நடக்க நேர்ந்த காலம். பொறுப்பாளர் எம்மைத் தனியே அழைத்து, “உங்களுக்கு அறை தருகிறேன், அவர்களுக்குத் தருவது கடினம். பின்னர் விசாரணை, தொந்தரவு” என்றார்.

அவர் தாழ்ந்த குரலிற் பேசியதைக் காக்கா கேட்டுவிட்டார். “சேர், பிள்ளைகள் களைச்சுப் போச்சுகள். நீங்க இங்க தங்குங்க. நாங்க வேற இடம் பார்க்கிறம்” என்றார். அவர் குரலில் கோபமில்லை. பழக்கப்பட்டுப்போன ஒரு சோர்வே இருந்தது.

வாசகர்களே, அவ்வேளை நாம் செய்ததை மறைக்காமல் எழுதுகின்றோம். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. கட்டிய முற்பணத்தை எண்ணினோம். இளைய மகளின் தூக்கக் கண்களை எண்ணினோம். வேறு விடுதிகளின் வாடகையை எண்ணினோம். அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தில், 1344ஆம் ஆண்டைப் பற்றி அத்துணை முழங்கிய வரலாற்றாசிரியரின் நா எழவில்லை. எம் மனைவியார் ஒன்றும் பேசாது, எம் பையைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் கையைப் பிடித்துப் படியிறங்கலானார். அதன் பின்னரே எம் கால்களும் இறங்கின.

முற்பணம் திரும்பி வரவில்லை. வேறு இரண்டு இடங்களில் அறை இல்லை என்றார்கள். உண்மையோ பொய்யோ அறியோம். இறுதியில் பஸ் நிலையத்திலேயே இரவைக் கழிப்பதென முடிவு செய்தோம். அங்கே தேநீர்க் கடை வைத்திருந்த சிங்கள முதியவர் ஒருவர், ஒன்பது பேரையும் ஒரு கணம் நோக்கினார். கடையை மூடும்போது, வெளியேயிருந்த இரண்டு வாங்குகளை உள்ளே எடுக்காமல் விட்டுச் சென்றார். அவற்றின்மேல் பிள்ளைகளைக் கிடத்தி, அதே போர்வையால் மூடினோம்.

நள்ளிரவில் காக்காவிடம், “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். “நீங்க யோசிச்சது எனக்கும் தெரிஞ்சது, சேர். மனசு கொஞ்சம் நொந்ததுதான். இல்லையெண்டு சொல்ல மாட்டன். ஆனா இறங்கி வந்தீங்கதானே. அது போதும்” என்றார். அது போதும் என்று அவர் கூறிய பின்னும் எமக்குப் போதவில்லை.

விடிந்ததும் பேராதனைப் பூங்காவைப் பார்த்தோம். நாம் பயின்ற சர்வகலாசாலையை மகாவலிக்கு அருகே நின்று பிள்ளைகளுக்குக் காட்டினோம். பின்னர் கல்முனை பஸ்ஸில் ஏறி, மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தின் துணைகொண்டு கடந்து வீடு சேர்ந்தோம்.

அன்றிரவு கொப்பியைக் கூட்டிப் பார்த்தோம். மதிப்பீடு 20,000, மெய்ச்செலவு 17,640. சிக்கனத்தில் வெற்றிதான். ஆனால், பதுளையிலே புதுச் சட்டி வாங்கிய வீட்டாருக்கு நாம் பட்ட கடனும், படியிலே நின்ற அந்த அரை நிமிடமும் எந்த நிரலிலும் ஏறவில்லை. 1,000 ரூபா நட்டத்தை எழுதிய இடத்தில் எம் மனைவியார், ‘இது நட்டமன்று’ என்று பென்சிலால் குறித்திருந்தார்.

மாணவர்களே, கையில் உள்ளது சிறிதாயினும் பிரயாணம் செய்யுங்கள். வசதி குறைந்த வழியிலேதான் மனிதரை அருகிலிருந்து காண முடியும். தனியே போகாமல், உங்களினும் வேறான அயலவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வழியில் எங்கேனும் ஒரு படி வரும். அதில் நின்று எண்ணிக்கொண்டிராமல் உடனே இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். வரலாறு கற்பிக்கும் எமக்கு அதைக் கற்க நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

அந்தப் போர்வை இன்று எம் வீட்டில் இருக்கின்றது. விலை கேட்டதற்குக் காக்கா சொல்ல மறுத்துவிட்டார்.