நான் வாயடைத்த டெஸ்ட்

ஒரு டெஸ்ட் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் அதன் வாயை அடைத்தேன். பிறகு அதனால் வந்த இழப்பின் பழி இன்னொருவர் தலையில் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தேன். இந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். முதலாவது தொழிலில் செய்த தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது. முதலாவது விளங்கினால்தான் இரண்டாவதின் கனம் தெரியும் என்பதால் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர்களின் கைப்பேசியிலிருந்து, ‘கொடுத்தாயிற்று’ என்ற பதிவுகளை வாங்கிச் சேமிக்கும் ப்ரோக்ராம் ஒன்றை எழுதியிருந்தேன். லினக்ஸில் ஓடும் பைத்தான் ப்ரோக்ராம். அந்த ஊழியர்களுக்குப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் ஒவ்வொரு பதிவும் யாரோ ஒருவருடைய காசு. வரும் பதிவுகள் முதலில் மெமரியில் ஒரு பட்டியலில் சேரும். கொஞ்சம் சேர்ந்ததும் டிஸ்க்கில் எழுதப்படும். பல த்ரெட்கள் ஒரே பட்டியலைத் தொடுவதால் அதற்கு ஒரு லாக் உண்டு. லாக்கை எடுத்த த்ரெட் மட்டுமே பட்டியலைத் தொடலாம். மற்றவை காத்திருக்க வேண்டும்.

ஒரு ப்ரோக்ராமை நிறுத்த வேண்டுமானால் வழக்கமாக சிக்-டெர்ம் என்ற சிக்னலை அனுப்புவார்கள். அதன் எண் 15. ப்ரோக்ராம் அதைப் பெற்றுக்கொண்டு, கைவேலையை முடித்துவிட்டுப் போகலாம். எண் 9, அதாவது சிக்-கில், அப்படியல்ல. அதைத் தடுக்கவும் முடியாது, கேட்டுக்கொள்ளவும் முடியாது. ப்ரோக்ராம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நான் சிக்-டெர்முக்கு ஒரு ஹேண்ட்லர் எழுதினேன். சிக்னல் வந்ததும் லாக்கை எடு, மிச்சமிருக்கும் பதிவுகளை டிஸ்க்கில் எழுது, வெளியேறு. தவறு முதல் படியிலேயே இருந்தது.

பைத்தானில் எழுதும் சிக்னல் ஹேண்ட்லர் எப்போதும் மெயின் த்ரெட்டில்தான் ஓடும். மெயின் த்ரெட் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நிற்க, அதன் மேல் ஹேண்ட்லர் ஏறி ஓடும். அந்த நேரத்தில் வேறொரு த்ரெட் லாக்கை வைத்திருந்தால் ஆபத்தில்லை. அது தன் வேலையை முடித்து லாக்கை விட்டுவிடும். மெயின் த்ரெட்டே வைத்திருந்தால் கதை வேறு. ஹேண்ட்லர் முடிந்தால்தான் கீழே நிற்கும் வேலை நகரும். அந்த வேலை நகர்ந்தால்தான் லாக் விடுபடும். லாக் விடுபட்டால்தான் ஹேண்ட்லர் முடியும். இதுதான் டெட்லாக். மறுபடியும் சிக்-டெர்ம் அனுப்பினால், இன்னொரு ஹேண்ட்லர் மேலே ஏறி அதே லாக்குக்காக நிற்கும், அவ்வளவுதான்.

சிக்னலும் லாக்கும் சந்திக்கும் இடத்தைப் பற்றி நான் அறியாதவன் அல்ல. 2011-இல் வெளிவந்த பைத்தான் 3.2-க்கு முன்பு, லாக்குக்காகக் காத்திருக்கும் மெயின் த்ரெட்டை கண்ட்ரோல்-சி அடித்தும் எழுப்ப முடியாது. 3.2-இலிருந்து, லினக்ஸ் போன்ற சிஸ்டங்களில், காத்திருப்பின் நடுவிலேயே ஹேண்ட்லர் ஓடும். ஹேண்ட்லர் எக்ஸெப்ஷன் எழுப்பினால் காத்திருப்பு முறியும். எழுப்பாவிட்டால் மறுபடி தொடரும். பைத்தானின் சொந்த டெஸ்ட் தொகுப்பில் இதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. சாதாரண லாக், வைத்திருக்கும் த்ரெட்டே மறுபடி எடுக்கக்கூடிய ஆர்லாக் இரண்டுக்காகவும் மெயின் த்ரெட்டைக் காத்திருக்க வைத்து, சிக்னலை வரவழைத்து, இரண்டு விதமான நடத்தையையும் அது சரிபார்க்கிறது. அதைப் படித்திருந்தேன். படித்ததில் எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். காத்திருக்கும் த்ரெட்டை சிக்னல் எழுப்புவது ஒன்று. லாக்கை ஏற்கெனவே எடுத்துவிட்ட த்ரெட்டின் மேல் ஹேண்ட்லர் ஏறுவது வேறொன்று. இரண்டாவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

என் டெஸ்ட் எளிமையானது. ப்ரோக்ராமைத் தொடங்கு, பதிவுகளை அனுப்பு, கொஞ்ச நேரம் ஸ்லீப் போடு, சிக்-டெர்ம் அனுப்பு, ஒழுங்காக முடிகிறதா பார். பெரும்பாலும் பாஸ் ஆகும். எப்போதாவது முடியாமல் தொங்கும். பில்ட் மெஷினில் லோடு அதிகம் என்று சொல்லி ஸ்லீப்பை நீட்டினேன். அதற்குப் பிறகும் தொங்கியது. ஃபெயிலானால் தானாக மறுபடி ஓடும்படி வைத்தேன். கடைசியில் ‘நிலையாக ஓடுவதில்லை’ என்று குறிப்பு எழுதி ஸ்கிப் போட்டேன். தொங்கும்போது ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்ட ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கருவி பைத்தான் 3.3-இலிருந்தே இருக்கிறது. ஒரே ஒருமுறை அதை ஓட்டியிருந்தால் ஹேண்ட்லர் நின்ற வரி கண்ணில் பட்டிருக்கும். நான் ஓட்டவில்லை. ரிலீஸ் தேதி நெருக்கியது என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த ஹேண்ட்லரை எல்லோர் முன்னாலும் பெருமையாக விளக்கிக் காட்டியிருந்தேன். அதில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை.

ஓர் இரவு புதிய வெர்ஷன் ஏற்றும் வேலை. இரவுப் பணியில் இருந்த இளைஞர், ஒப்பந்த ஊழியர், எனக்குப் போன் செய்தார். “சார், ஸ்டாப் குடுத்தா நிக்க மாட்டேங்குது. திரும்பவும் குடுத்துப் பாத்துட்டேன்.”

“கில் மைனஸ் நைன் போட்டுடுப்பா. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவர் போட்டார். மெமரியில் இருந்த பதிவுகள் போயின.

கொடுத்த பொட்டலத்துக்குக் கூலி வரவில்லை என்று ஊழியர்கள் கேட்டு வந்தார்கள். கையில் போட்டோவோ கையெழுத்தோ வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. இல்லாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. விசாரணைக் கூட்டத்தில், முறையாக நிறுத்தாமல் சிக்-கில் அனுப்பியதே இழப்புக்குக் காரணம் என்று முடிவானது. யார் அனுப்பியது என்று கேட்டார்கள். “நான்தான் சார்” என்றார் அந்த இளைஞர். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் செய்யச் சொன்னதைத்தான் அவர் செய்தார் என்பதையும், நிற்காமல் தொங்கியது என் கோட் என்பதையும், அது தொங்கும் என்று ஒரு டெஸ்ட் முன்பே சொல்லியிருந்தது என்பதையும் ஆக மூன்றையும் அறிந்த ஒரே ஆள் நான். பேசவில்லை. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த டெஸ்டைத் திறந்தேன். ஸ்லீப்பை எடுத்தேன். மெயின் த்ரெட் லாக்கை எடுக்கட்டும், எடுத்த கையோடு தனக்குத் தானே சிக்-டெர்ம் அனுப்பிக்கொள்ளட்டும் என்று எழுதினேன். பைத்தான் 3.8 முதல் அதற்கு ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. சில வரிகள்தான். பழைய கோட் ஒவ்வொரு தடவையும் தொங்கியது. ‘எப்போதாவது’ என்று நான் சொல்லிவந்த பிழை, சரியாகக் கேட்டால் எப்போதும் பதில் சொல்லும் பிழை.

அப்போதும் குறுக்குவழி தேடினேன். லாக்கை ஆர்லாக்காக மாற்றினேன். வைத்திருக்கும் த்ரெட்டே மறுபடி எடுக்க ஆர்லாக் விடும் என்பதால் தொங்குவது நின்றது, டெஸ்ட் பாஸ் ஆனது. ஆனால் பட்டியலை டிஸ்க்கில் எழுதி முடித்து, அதைக் காலி செய்வதற்கு முன் சிக்னல் வந்தால், ஹேண்ட்லர் அதே பதிவுகளை இன்னொருமுறை எழுதும். கண்ணுக்குத் தெரிந்த கோளாறு போய், தெரியாத கோளாறு வந்து உட்காரும். ஹேண்ட்லரில் வேலையே செய்யக் கூடாது என்பதுதான் சரியான தீர்வு. ஒரு சாதாரண மாறியில் ‘நிறுத்து’ என்று குறித்துவிட்டு அது திரும்ப வேண்டும். மெயின் லூப் அதைப் பார்த்து, தனக்குத் தோதான இடத்தில் மிச்சத்தை எழுத வேண்டும். த்ரெடிங் ஈவென்ட் கூட இங்கே ஆகாது. அதற்குள்ளும் ஒரு லாக் இருக்கிறது.

2024 ஜூலையில், ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற ரிமோட் லாகின் மென்பொருளில், இதேபோல ஹேண்ட்லருக்குள் வேலை செய்ததால் வந்த பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. லாகின் செய்யக் கொடுத்த நேரம், இயல்பாக 120 விநாடி, தீர்ந்ததும் சிக்-அலாரம் என்ற சிக்னல் வரும். அதன் ஹேண்ட்லர், ஹேண்ட்லருக்குள் அழைக்கக் கூடாத சிஸ்லாக் ஃபங்ஷனை அழைத்தது. 2006-இல் சரிசெய்யப்பட்ட பிழை, 8.5 வெர்ஷனில் திரும்ப நுழைந்திருந்தது. பெரியவர்களே தவறுகிறார்களே என்று அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்கு எனக்கு உரிமையில்லை. அவர்கள் 9.8 வெர்ஷனை வெளியிடும்போது, பிழை இன்னது, ஆபத்து இன்னது என்று உலகத்துக்கே எழுதிவைத்தார்கள். நான் ஒரு கூட்டத்தில், ஒரு மேஜையைச் சுற்றி இருந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை அறிக்கை திருத்தப்பட்டது. அந்த இளைஞருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் திரும்பிப் போனவர்களின் கூலியும் கிடைக்கவில்லை. என் திருத்தம் இந்த இரண்டையும் சரிசெய்யவில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என் குழுவில் ஒரு டெஸ்டுக்கு ஸ்கிப் போட வேண்டுமானால், அது தொங்கிய நேரத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் நின்ற இடத்தை எடுத்து உடன் வைக்க வேண்டும்; போடுகிறவர் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பிழை அரிதாகத்தான் வருகிறது என்று யாராவது சொன்னால், அதை ஒவ்வொரு முறையும் வரவைக்கும் டெஸ்டை எழுதிக் காட்டச் சொல்கிறேன். என் பழைய ஸ்கிப் குறிப்பும், அதன் பக்கத்தில் என் பெயரும் கோட் வரலாற்றில் இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதையே முதலில் திறந்து காட்டுகிறேன்.