உட்கார ஒரு நாற்காலி: சென்னைக் காப்பிக் கடைகளில் நாலு நாள்

காப்பிக் கடையைப் பற்றி எழுத ஒரு விவசாயிக்கு என்ன இருக்கு என்று உங்களுக்குத் தோணலாம். எங்க கங்கைகொண்டானில் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பி. சளி பிடிச்சா சுக்குக் காப்பி. அதில் காப்பிக்கொட்டை ஒண்ணுகூடக் கிடையாது, ஆனாலும் பேரு காப்பிதான். கடைக்குப் போனா டீ. ஆனா பட்டணத்தில் ஒரு கோப்பைக் காப்பியில் பாதிக்கு மேல் பால். பால் எங்க சரக்கு. ரெண்டு கறவை மாடு வச்சு சொசைட்டிக்கு ஊத்துகிறவன் என்ற முறையில் எனக்கும் அதில் பேசப் பாத்தியதை உண்டு.

போன மாசிக் கடைசியில் பிசான அறுவடை முடிஞ்சது. வைக்கோலைப் படப்பு போட்டுட்டு, மகளைப் பார்க்க நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். அவளுக்குப் பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, வேளச்சேரியில் பெண்கள் விடுதியில் தங்கல். ஒரு சம்பந்தம் வந்திருந்தது. போனில் கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்பதுக்கு மேல் ஒரு வார்த்தை வரல. நேரில் பேசிக்கிடுவோம் என்றுதான் கிளம்பினேன்.

விடுதியில் ஆம்பளைகளை வாசலைத் தாண்டி விட மாட்டாங்க. பெத்த அப்பனுக்கும் அதே சட்டம்தான். நான் தங்கினது குரோம்பேட்டையில் சித்தப்பா மகன் வீட்டில். நல்ல மனுசங்க, ஆனா ரெண்டு ரூம் வீடு, டி.வி. எந்நேரமும் ஓடும். தகப்பனும் மகளும் தனியா உக்காந்து பேச அவ்வளவு பெரிய பட்டணத்தில் இடம் எங்க இருக்கு? "வாங்கப்பா, காப்பி குடிச்சுக்கிட்டே பேசலாம்" என்றாள். வியாழன், வெள்ளி சாயங்காலம், அப்புறம் சனி, ஞாயிறு என்று நாலு நாள், நாலு பேட்டை.

முதல் நாள் மயிலாப்பூர். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி திருமயிலையில் இறங்கினோம். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் கண்ணுக்கு முன்னால் மூக்கு கடையைக் கண்டுபிடிச்சிரும். கொட்டையை வறுத்து நம்ம முன்னாலேயே அரைச்சுத் தாராங்க. பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அம்மாமார் கணக்குச் சொல்லி வாங்குதாங்க. காப்பிப் பழத்தில் வழக்கமா ரெண்டு விதை ஒருபக்கம் தட்டையா ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும். சில பழத்தில் ஒத்தை விதை உருண்டையா விளையும். அந்த ஒத்தைதான் பீபெரி. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிர் பண்ணுதாங்க. வறுத்து அரைச்சுச் சேர்த்தா நிறமும் கெட்டியும் வரும். கலவையில் அது 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கு.

டவரா டம்ளரில் வந்த காப்பிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. டிகிரி காப்பி என்ற பேருக்குப் பல கதை உண்டு. எனக்குப் பிடிச்சது பால்மானிக் கதை. தண்ணி கலக்காத பால்தானா என்று பால்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்த்து வாங்கி, அந்தப் பாலில் போட்ட காப்பியாம். எங்க பாலையும் சொசைட்டியில் சோதிச்சுத்தான் எடுக்காங்க, அதனால் அந்தக் கதையில் எனக்கு ஒரு ஒட்டுதல். ஆனா நாங்க போன கடையில் நின்னுதான் குடிக்கணும். அஞ்சு நிமிஷத்தில் டம்ளரை வச்சுட்டு நகரணும், பின்னால் ஆள் நிக்கும். "சீனி போதுமாப்பா?" "போதும்மா." அன்றைக்கு நாங்க பேசினது அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் திருவல்லிக்கேணி. அதே ரயில்தான், இன்னும் கொஞ்சம் தூரம். ரத்னா கபே 1948-இல் தொடங்கின கடை. இட்லியை சாம்பாரில் முழுக்காட்டித் தாராங்க, அதுக்கப்புறம் காப்பி. இங்கே நாற்காலி உண்டு. ஆனா எதிரில் வேற ரெண்டு பேர் வந்து உக்காந்துக்கிட்டாங்க. மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போற பையன்கள் போல இருந்தது. சாப்பாட்டுக் கடையில் அதுதான் முறை, தப்பில்லை. ஆனா கல்யாணப் பேச்சை அங்கே எடுக்க முடியுமா? எங்க வீட்டு மாட்டுக்குக் கன்னு போட்ட கதையைப் பேசிட்டு எந்திரிச்சோம்.

ஆனா அந்தப் பேட்டையில் நாற்காலியைச் சாதாரணமா நினைக்கக் கூடாது. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதின 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகம் மகளிடம் இருந்தது. ராத்திரி அதைத்தான் புரட்டினேன். நீராகாரமும் பழையதும் இருந்த இடத்துக்குக் காப்பி வந்தபோது எவ்வளவு திட்டு, எவ்வளவு கவலை! காப்பி யார் வீட்டு மரியாதை, டீ யார் வீட்டுப் பானம் என்ற பிரிவினை வேற. ஓட்டல்களில் இன்னாருக்கு இங்கே இடம், இன்னாருக்கு வெளியே என்று இருந்த காலம் அது. இதே திருவல்லிக்கேணியில் 1957-இல் முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் தொடங்கியது. பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்பதுதான் கோரிக்கை. மாசக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கான பேர் கைதானாங்க, கடைசியில் அந்தச் சொல் போனது.

இது பட்டணத்துக் கதை மட்டும் இல்லை. எங்க வட்டாரத்து டீக்கடைகளில் சில தெருக்காரங்களுக்குத் தனி கிளாஸ் மாட்டியிருந்ததையும், பெஞ்சு காலியா இருக்க அவங்க தரையில் குத்தவச்சுக் குடிச்சதையும் சின்னப் பையனா நான் கண்ணால் பார்த்தவன். காப்பியோ டீயோ, உள்ளே இருக்கிற சரக்கு ஒண்ணுதான். யார் உக்காரலாம் என்பதில்தான் சண்டையெல்லாம்.

மூணாம் நாள் சனிக்கிழமை. கதீட்ரல் ரோட்டில் செம்மொழிப் பூங்காவைக் காட்டினாள். அந்த இடத்தில்தான் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினா காருக்கே காப்பி வருமாம். ஒரு காப்பியை வாங்கி வச்சுக்கிட்டு மணிக்கணக்கில் பேசிக்கிட்டிருந்த ஆட்கள் பல பேர் என்று சென்னைக்காரங்க இன்னைக்கும் ஏக்கமாச் சொல்லுதாங்க. ஆக, உக்காந்து பேசுறதுக்காகக் காப்பி வாங்குறது நேத்து வந்த பழக்கம் இல்லை.

அங்கிருந்து ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமெதிஸ்ட். முன்னே கோபாலபுரம் பக்கம் இருந்து இங்கே மாறின கடை. உள்ளே நுழைஞ்சா ரோட்டுச் சத்தம் அடங்கிருது. மரமும் செடியும் வராந்தாவுமா இருக்கு. வேட்டி கட்டின ஆளை எப்படிப் பார்ப்பாங்களோ என்று மகளுக்குத்தான் கூச்சம். யாரும் பார்க்கலை. நாற்காலியில் சாய்ஞ்சு உக்காந்தேன். காப்பி வர்ற நேரத்தில் மெதுவா ஆரம்பிச்சாள்: "அப்பா, அவங்க வீட்டுல வேலையை விடச் சொல்லுதாங்க போல." நான் ஒண்ணும் சொல்லல. பாதியில் மறிச்சா மீதி வராது, மடைத் தண்ணி மாதிரி. அன்றைக்கு அவ்வளவோடு விட்டுட்டேன்.

நாலாம் நாள் மெட்ரோ ஏறி அண்ணா நகர். 1968-இல் பொருட்காட்சி நடந்தப்போ கட்டின கோபுரம் இன்னும் நிக்கி. அதைச் சுத்தின தெருக்களில் இப்போ எங்க பார்த்தாலும் கபேதான். மகள் கூட்டிப் போனது சின்னக் கடை. கரும்பலகையில் கொட்டை விளைஞ்ச எஸ்டேட் பேரு, அது எத்தனை அடி உயரம், பழத்தைக் கழுவிக் காயவச்சதா, தோலோடு காயவச்சதா என்று வரிசையா எழுதியிருந்தாங்க. சிக்மகளூர்ப் பக்கம். நான் அந்தப் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். என் நெல் களத்தைத் தாண்டினா அதுக்கு என் பேரும் கிடையாது, ஊர்ப் பேரும் கிடையாது.

நம்ம நாட்டில் காப்பி போடுற விவசாயிகள் பெரும்பாலும் 10 ஹெக்டேருக்குக் கீழே உள்ள சிறு விவசாயிகள்தான். ரொம்பக் காலம் அவங்க விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில்தான் கொடுக்கணும். 1990-களில் அந்தக் கட்டு கொஞ்சம் கொஞ்சமா அவிழ்ந்து, 1996-இல் யாருக்கும் விற்கலாம் என்றானது. பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கபே காபி டே திறந்ததும் அதே 1996-இல்தான். வேளச்சேரி மாலில் ஸ்டார்பக்ஸ் வந்தது 2014. இப்போ நம்ம பிள்ளைகள் உக்காந்திருக்கிற கடைகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் கடை மிஷின் ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள்ளே தள்ளுது. கார் டயரில் அடிக்கிற காத்தைப் போல நாலு மடங்கு. நம்ம பில்டரில் கால் மணி நேரமா சொட்டுறது இதில் அரை நிமிஷத்தில் வந்திருது. கப்புச்சினோ ஒண்ணு 260 ரூபாய். வரி 5 சதவீதம் சேர்த்து 273. விலையைக் கேட்டதும் கணக்குப் போடாம இருக்க முடியல. 2023 டிசம்பரில்தான் ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் கூடி 35 என்பது 38 ஆனது. ஒரு கோப்பைக்கு 150 மில்லி பால் என்றால் பால்காரன் பங்கு 6 ரூபாய்கூட இல்லை. உயர்ந்த ரகக் கொட்டை என்றாலும் அந்தத் தூளுக்கு இருபத்தஞ்சு, முப்பது ரூபாய் வைக்கலாம். மீதி? இடத்து வாடகை, ஏ.சி., கரண்டு, மிஷின், வேலைக்கு நிக்கிற பிள்ளைகள் சம்பளம். சுருக்கமாச் சொன்னா நாற்காலிக்கு வாடகை.

அந்த நாற்காலியில் நாங்க ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு பொண்ணு தனியா கம்ப்யூட்டர் வச்சு வேலை பார்த்துக்கிட்டிருந்தாள். எதிரில் நாலு பிள்ளைகள் பிறந்தநாள் கேக் வெட்டினாங்க. யாரும் எங்களை ஏன் இன்னும் எந்திரிக்கலை என்று கேட்கலை, காது கொடுத்துக் கேட்கவும் இல்லை. மகள் எல்லாத்தையும் சொன்னாள். வேலையை விட இஷ்டமில்லை. அந்தப் பையன்கிட்டயே போனில் ரெண்டு தரம் பேசிப் பார்த்திருக்காள். அவன் "அம்மா சொல்றதுதான்" என்றிருக்கான். இதை வீட்டில் வச்சுச் சொன்னா சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா காது இருக்கும், விடியுறதுக்குள்ள ஊருக்குப் போயிரும். அன்று ராத்திரியே தரகருக்குப் போன் பண்ணி, இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிட்டேன். ரெண்டு காப்பிக்கு 546 ரூபாய். அதை நான் செலவுக் கணக்கில் எழுதலை.

ஊருக்கு வந்து இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அவ அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டாள்: "அந்தப் பொண்ணு தனியாவா உக்காந்திருந்தா? யாரும் ஒண்ணும் கேக்கலையா?" விலையைப் பத்திக் கேக்கலை. எங்க வீட்டிலிருந்து மெயின் ரோட்டு டீக்கடை இருநூறு எட்டுகூட இருக்காது. கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருஷத்தில் அவ அந்தக் கடையில் ஒரு நாள் உக்காந்ததில்லை. பார்சல் டீ வாங்கத் தூக்குவாளியைச் சின்னப் பிள்ளைகள்கிட்ட கொடுத்து அனுப்புவாள். எங்க ஊரில் எந்தப் பெண்ணும் அங்கே உக்காந்து நான் பார்த்ததில்லை. தனி கிளாஸ் போயிருச்சு, இது மட்டும் அப்படியே இருக்கு.

சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போற பிள்ளைகள் விடியக்காலம் அஞ்சரைக்கு அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கும். மார்கழிப் பனியிலும் நின்னபடிதான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்க காலை நீட்டி உக்காந்து பேப்பர் பார்ப்போம். கடைக்கார அண்ணாச்சிகிட்ட, "வேப்பமரத்தடியில ஒரு பெஞ்சு போடுமேய்யா, அந்தப் பிள்ளைக உக்காரட்டும்" என்றேன். "பொம்பளப் பிள்ளைக உக்காந்தா நம்ம ஆளுக வர யோசிப்பாகளே" என்றார். "உமக்கு நூறு டீ கூட ஓடும்வே" என்றேன். கணக்கு அவருக்குப் பிடிச்சது. பெஞ்சுக்குப் பலகை நான் கொடுத்தேன், பழைய வண்டிப் பலகைதான்.

பெஞ்சு போட்டு மூணு வாரம் ஆகுது. இதுவரை ஒரு பிள்ளையும் உக்காரலை. சாப்பாட்டுப் பைகளை மட்டும் அதில் வரிசையா வச்சுட்டு நிக்குதுக. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் நம்ம ஊர், அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கு. கிளாஸ் டீயும் ரெண்டு மூணு நாளா அந்தப் பக்கம் போகுது.

உளுந்தைக் களத்தில் காயப்போட்டிருக்கேன், மேக்கே கருக்கலா இருக்கு. அள்ளிக் கட்டிட்டு வாரேன்.